இணையப் பக்கத்தில் விரித்தலும் மடித்தலும்

அச்சு நூலின் பக்கத்தில் எழுதப்பட்டவை யாவும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாவன. அடிக்குறிப்பை வாசகர் படியாது விடலாம். ஆயினும் அது பக்கத்தின் அடியிலே இருந்துகொண்டே இருக்கும். கணினித் திரையில் தோன்றும் இணையப் பக்கமோ இவ்வியல்பினின்றும் வேறுபட்டது. அதில் ஒரு தலைப்பு மட்டுந் தோன்றி, அதன்கீழ் வரவேண்டிய பத்திகள் மறைந்து நிற்றல் கூடும். தலைப்பைத் தொட்டவிடத்து அவை விரியும். மீண்டுந் தொட்டவிடத்து மடியும். பல்கலைக்கழகமொன்றின் அனுமதி விதிகள், மருந்தொன்றின் பக்கவிளைவுகள், வங்கிக் கடனின் நிபந்தனைகள் எனப் பலவும் இன்று இவ்வாறு மடித்த நிலையிலேயே வாசகர்முன் வைக்கப்படுகின்றன. மடித்து வைத்ததை ஒருவரால் விரிக்க முடியாது போயின், அது அவரளவில் எழுதப்படாததே ஆகும். ஆதலின் இச்சிறு பொறிமுறையின் வரலாறு தனித்து ஆராயத்தக்கதாகின்றது.

இங்கு எழும் வினாக்கள் இரண்டு. மறைந்திருக்கும் பகுதியை விரிப்பது எங்ஙனம் என்பது ஒன்று. அது விரிந்துவிட்டது என்பதைப் பக்கத்தின் ஏனைய பகுதிகள் அறிவது எங்ஙனம் என்பது மற்றொன்று. விரிந்த பகுதிக்குரிய படத்தை அவ்வேளையிலே வருவித்தல், முன்னர் விரிந்திருந்த வேறொன்றை மூடுதல், வாசகர் எதனை விரித்தார் என்பதைக் குறித்து வைத்தல் முதலிய கருமங்கள் யாவும் இவ்வறிவிப்பையே பற்றி நிற்பன. இவ்வறிவிப்பினை நிரலாளர் 'நிகழ்வு' என வழங்குவர். முதல் வினாவுக்கு விடை இணையம் பிறப்பதற்கு முன்னரே கிடைத்திருந்தது. இரண்டாவதற்கு விடை காண்பதிலேதான் நெடுங்காலங் கழிந்தது. கதவைத் திறக்கும் கையைக் கவனிப்பதா, திறக்கும் கதவையே கவனிப்பதா என்பதில் எழுந்த தடுமாற்றமே அதற்குக் காரணம்.

விரியும் எழுத்து என்னும் எண்ணத்தை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கராகிய ரெட் நெல்சன். 'ஹைப்பர்ரெக்ஸ்ற்' என்னுஞ் சொல்லை 1965 இல் அச்சேற்றிய இவர், 1967 இல் 'ஸ்ரெச்ரெக்ஸ்ற்' எனப் பெயரிட்டு வேறொரு வகையான எழுத்தையும் விவரித்தார். அவர் கருதியது தலைப்பைத் தொட்டவுடன் பத்தி வெளிப்படும் முறையன்று. வாசகர் விரும்புந்தோறும் வாக்கியங்களிடையே புதிய சொற்களும் தொடர்களும் புகுந்து, எழுத்து சிறிது சிறிதாக நீண்டுகொண்டே செல்லும். வேண்டாதவிடத்து அவ்வாறே சுருங்கும். வாசகர் தாம் நின்ற இடத்தை விட்டு அகலுவதில்லை; விரிவு அவர் இருக்கும் இடத்துக்கே வந்துசேரும். இக்கருத்தின் அருமை பிற்காலத்தவர்க்கு உடனே விளங்கிற்றெனக் கூறுதற்கில்லை.

எண்ணத்தைச் செயலிற் காட்டியவர் டக்ளஸ் எங்கல்பாற். 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய கணினி மாநாட்டில், ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் அவர் நிகழ்த்திய செயல்முறை விளக்கம், சுட்டி என்னுங் கருவியைப் பொதுமக்கள் முன்னிலையிற் காட்டியமைக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகின்றது. அவ்விளக்கத்திலே கடைச் சாமான் பட்டியல் ஒன்றும் இடம்பெற்றது. அப்பட்டியலை வகைப்படுத்தி, மேல்நிலைத் தலைப்புக்களை மட்டுந் தோற்றச் செய்து, பின்னர் அவற்றின்கீழ் அடங்கியவற்றை வெளிப்படுத்திக் காட்டினார் எங்கல்பாற். எத்தனை நிலை வரை காட்டப்பட வேண்டும் என்பதும், ஒவ்வொரு கூற்றிலும் எத்தனை வரிகள் தோன்றவேண்டும் என்பதும் வாசகரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தன. சுட்டியின் புகழ் பட்டியலின் புகழை மறைத்துவிட்டது.

இவ்விருவருக்குப் பின் இத்துறையிற் குறிப்பிடத்தக்கவர் இங்கிலாந்தின் கன்ரபெரி நகரிலுள்ள கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் பிறவுண். 1982 இல் இவர் தொடங்கிய 'கைட்' என்னும் மென்பொருளில், எழுத்தினிடையே சில சொற்கள் தடித்துக் காணப்படும். அவற்றைச் சொடுக்கியவுடன், அச்சொற்கள் நின்ற இடத்திலேயே அவற்றுக்குரிய விரிவான பகுதி வந்து அமரும். அப்பகுதியைச் சொடுக்கினால் அது மீண்டும் பழைய சொல்லாகச் சுருங்கும். எடின்பரோ நகரில் இயன் றிச்சி என்பவர் நிறுவிய நிறுவனம் ஒன்று இதனை 1986 இல் மக்கின்ரோஷ் கணினிக்குரிய விற்பனைப் பொருளாக வெளியிட்டது. ஆவணமொன்றை வாசிக்கும் ஒருவர் தமக்கு வேண்டிய அளவில் அதனைத் தாமே ஆக்கிக்கொள்கின்றார் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஈண்டு வரலாற்றின் திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. 1990 இல் பிரான்சு தேசத்தின் வேர்சாய் நகரில் நடைபெற்ற ஹைப்பர்ரெக்ஸ்ற் மாநாட்டுக்கு, ஜெனீவாவின் செர்ண் ஆய்வுக்கூடத்திலிருந்து ரிம் பேர்ணேர்ஸ்-லீ வந்திருந்தார். உலகளாவிய வலை என்னுந் தமது திட்டத்துக்கு உலாவி மென்பொருள் ஒன்று வேண்டும் என்றும், 'கைட்' அதற்கு ஏற்றதாக இருக்கின்றது என்றும் அவர் றிச்சியிடங் கூறினார். றிச்சி இணங்கவில்லை. தாம் மறுத்த கதையை அவரே பிற்காலத்தில் மேடையொன்றில் நகைச்சுவையோடு எடுத்துரைத்துள்ளார். அன்று அவர் இணங்கியிருப்பின் வலையின் முதற் பக்கங்கள் இருந்த இடத்திலேயே விரியும் பக்கங்களாக அமைந்திருத்தல் கூடும். அவ்வாறு நிகழவில்லை. வலை தனக்கென வரித்துக்கொண்டது, சொடுக்கியவுடன் வாசகரைப் பிறிதொரு பக்கத்துக்குக் கொண்டு செல்லும் இணைப்பையே. பேர்ணேர்ஸ்-லீ வகுத்த எச்.ரி.எம்.எல். மொழியின் தொடக்கப் பதிப்புக்களில் மடிப்பதற்கோ விரிப்பதற்கோ உறுப்பு ஒன்றுமில்லை. அதே காலத்தில், 1991 இல், அப்பிள் நிறுவனத்தின் ஏழாம் இயங்குதளம் கோப்புறைப் பட்டியலின் ஓரத்தே சிறு முக்கோணம் ஒன்றை வைத்து, அதனைத் தொட்டால் உள்ளிருப்பவை கீழே விரியுமாறு செய்திருந்தது. இன்று இணையப் பக்கங்களிற் காணப்படும் முக்கோணம் அதன் வழிவந்ததே.

மொழியில் இல்லாததை நிரலாற் பெறலாம் என்னும் நிலை 1995 இல் உண்டாயிற்று. அவ்வாண்டின் மே மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் பிறெண்டன் ஐக் பத்து நாள்களிலே நிரல்மொழி ஒன்றை ஆக்கினார். அதுவே பெயர்கள் சிலவற்றைக் கடந்து அவ்வாண்டு டிசெம்பரில் ஜாவாஸ்கிரிப்ற் ஆயிற்று. வாசகர் சொடுக்குதலை உணர்ந்து ஒரு கட்டளையை நிறைவேற்றுமாறு பக்கத்தை ஆக்க இம்மொழி இடங்கொடுத்தது. ஆயினும் தொடக்கத்திற் சொடுக்குதலை உணரவல்லவை இணைப்புக்களும் படிவத்தின் பொத்தான்களுமே. மேலும், ஒருமுறை வரையப்பட்ட பக்கத்தின் எழுத்தை மாற்றவோ மறைக்கவோ அன்றைய உலாவியால் இயலாது. உணர்ச்சி இருந்தது, அசைவு இல்லை.

அசைவு வந்தது 1997 இல். அவ்வாண்டு நெற்ஸ்கேப், மைக்றோசொவ்ற் ஆகிய இரு நிறுவனங்களும் தத்தம் உலாவியின் நான்காம் பதிப்பை வெளியிட்டன. மைக்றோசொவ்ற்றின் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர், பக்கத்தின் எவ்வுறுப்பையும் மறைக்கவும் தோற்றச் செய்யவும் வல்லதாயிற்று. மறைந்தது வெளிப்படும்போது கீழுள்ள எழுத்து தானாகவே கீழிறங்கி இடங்கொடுத்தது. நெற்ஸ்கேப்பின் உலாவி அவ்வாறு எழுத்தை மீள ஒழுங்குசெய்ய மாட்டாதாய், அடுக்குகள் எனப்பட்ட தனிப்பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறைத்தும் காட்டியுமே காரியம் நடத்திற்று.

நிகழ்வுகளைக் கையாளுவதிலும் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளிற் சென்றன. இணையப் பக்கம் என்பது ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய உறுப்புக்களால் ஆயது. ஆவணத்தினுள் பத்தி, பத்தியினுள் தலைப்பு, தலைப்பினுள் ஒரு சொல் என அது அமையும். அச்சொல்லை ஒருவர் சொடுக்கினால், அதனை முதலில் அறியவேண்டியது எது? மேலதிகாரியின் கட்டளை ஒவ்வொரு படியாகக் கீழிறங்குவதுபோல, செய்தி வெளிப்புறத்தே தொடங்கி உள்நோக்கி இறங்கவேண்டும் என்றது நெற்ஸ்கேப். குடிமகன் கொடுத்த முறைப்பாடு படிப்படியாக மேலேறுவதுபோல, அது உள்ளே தொடங்கி வெளிநோக்கி ஏறவேண்டும் என்றது மைக்றோசொவ்ற். முன்னையது 'கைப்பற்றல்' எனவும் பின்னையது 'குமிழ்த்தல்' எனவும் பெயர்பெற்றன. நீரடியிலிருந்து குமிழி மேலெழுவதை நோக்கி வந்தது பின்னைய பெயர். இரு உலாவிக்கும் பொருந்துமாறு ஒரே பக்கத்தை எழுதவேண்டியவர்கள், ஒவ்வொரு கட்டளையையும் இரு முறையில் எழுதி வருந்தினர். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000 நவெம்பர் 13 ஆம் திகதி வெளியிட்ட தரம் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது. அதன்படி நிகழ்வொன்று முதலிற் கீழிறங்கும், இலக்கை அடையும், பின்னர் மேலேறும். எவ்வேளையிற் கேட்பது என்பதை நிரலாளரே தெரிவு செய்யலாம். சமரசம் என இதனை இகழ்ந்தாரும் உளர். ஆயினும் இவ்விரு வழிகளும் பேணப்பட்டமையின் பயன் பல ஆண்டுகளின் பின்னர் எதிர்பாராத ஓரிடத்தில் வெளிப்பட்டது. மைக்றோசொவ்ற் தனது உலாவியில் இத்தரத்தை ஏற்றது 2011 மார்ச்சில் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பிலேதான்.

இக்காலத்தில் விரியும் பகுதிகளைச் சாதாரண நிரலாளர் எவ்வாறு ஆக்கினர் என்பதை நோக்குதல் வேண்டும். தலைப்புக்குரிய எழுத்தை வெறும் பெட்டி ஒன்றினுள் இட்டனர். அதன்மேல் சொடுக்கு நிகழ்வைக் கேட்கும் கட்டளை ஒன்றை வைத்தனர். சொடுக்கியபோது கீழுள்ள பகுதியைத் தோற்றச் செய்தனர். கண்ணாற் பார்த்துச் சுட்டியை நகர்த்த வல்லவருக்கு இதிற் குறையொன்றுந் தோன்றாது. கைநடுக்கத்தாலோ வேறு காரணத்தாலோ சுட்டியைப் பயன்படுத்த இயலாது, விசைப்பலகையால் மட்டும் உலாவுபவரின் நிலை வேறு. வெறும் பெட்டியில் விசைப்பலகையின் குறி வந்து நில்லாது; அவர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுவார். கண்பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் எழுத்தை ஒலியாக்கிக் கூறும். அதற்கும் அப்பெட்டி வெறும் எழுத்தே. அது விரியக்கூடியது என்பதையோ, இப்போது மடிந்திருக்கின்றது என்பதையோ அறிவிக்கும் அடையாளம் எதுவும் அதில் இல்லை. அடியில் ஒரு பத்தி மறைந்திருப்பதை அறியாமலே அவர் பக்கத்தை முடித்துச் செல்வார்.

இக்குறை உணரப்படாமல் இருந்ததென்று கூறலாகாது. டபிள்யூ3சி 1999 மே 5 ஆம் திகதி வெளியிட்ட அணுகுதகைமை வழிகாட்டிகளின் முதற் பதிப்பிலேயே, குறித்த ஒரு கருவியைச் சார்ந்த நிகழ்வுகளை விடுத்து, செயலின் பொருளைச் சார்ந்த நிகழ்வுகளையே நிரலிற் பயன்படுத்துமாறு கூறப்பட்டிருந்தது. சுட்டி அழுத்தப்பட்டதா என்று கேளாது, தெரிவு செய்யப்பட்டதா என்று கேட்குமாறு கூறியது அது. அறிவுரை தெளிவானதே. ஆனால் 'விரிந்தது' என்பதற்கென ஒரு நிகழ்வு அந்நாளில் எவ்வுலாவியிலும் இருக்கவில்லை. இல்லாத ஒன்றைப் பயன்படுத்துமாறு கூறியதால் விளைந்த பயன் சிறிதே.

2006 இல் ஜோன் றெசிக் வெளியிட்ட ஜேகுவரி என்னும் நிரற்றொகுதி உலாவிகளிடையே நிலவிய வேறுபாடுகளை மறைத்து, நிரலாளரின் சுமையைப் பெரிதுங் குறைத்தது. விரித்தலும் மடித்தலும் ஒரே வரியில் எழுதத்தக்கவை ஆயின. பக்கத்துக்குப் பக்கம் மடிப்புக்கள் பெருகின. எனினும் அத்தொகுதியில் இருந்த ஒரு வசதி இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. 'ரொகிள்' என்னும் பெயரோடு வந்த அது, நிரலாளர் கொடுக்கும் இரு கட்டளைகளை மாறிமாறி நிறைவேற்றும். முதலாஞ் சொடுக்குக்கு ஒன்று, இரண்டாஞ் சொடுக்குக்கு மற்றொன்று, மூன்றாவதற்கு மீண்டும் முதலாவது என அது எண்ணிக்கொண்டே செல்லும். ஒற்றைப்படைச் சொடுக்கு திறப்பது, இரட்டைப்படைச் சொடுக்கு மூடுவது என்பதே அதன் கணக்கு. பக்கத்தின் வேறொரு கட்டளை இடையிற் புகுந்து அப்பகுதியை மூடிவிட்டாற் கணக்குப் பிழைத்துவிடும். அடுத்த சொடுக்கு ஏற்கெனவே மூடியதை மூட முயலும். கதவு திறந்திருக்கின்றதா என்று பாராமல், கை எத்தனை முறை தட்டியது என்று எண்ணி முடிவு செய்யும் முறை இது. 2012 இல் இதனைக் கைவிடத்தக்கதாக அறிவித்த அத்தொகுதியினர், 2013 இன் தொடக்கத்தில் அடியோடு நீக்கினர்.

திரைவாசிப்பானுக்கு வேண்டிய அடையாளங்களை வழங்குதற்கு ஏரியா எனப்படும் தரம் 2014 மார்ச்சில் நிறைவுபெற்றது. விரிந்தது, மடிந்தது என்னும் நிலைகளைக் குறிக்கும் பண்பு ஒன்று அதில் உண்டு. அப்பண்பு இடப்பட்டவிடத்துப் பார்வையற்ற வாசகருக்கும் நிலை ஒலிவடிவிற் கூறப்படும். இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பண்பு தானாக மாறுவதில்லை. பகுதியை விரித்த நிரலே பண்பையும் மாற்றவேண்டும். மறந்த நிரலாளர் பலர். அதனால், கண்ணுக்கு விரிந்தும் செவிக்கு மடிந்தும் இருக்கும் பக்கங்கள் தோன்றின. பொய்யான அடையாளம் அடையாளமின்மையினுங் கேடு பயப்பதாயிற்று.

உலாவியே மடிப்பை அறிந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் இதற்கு முன்னரே தோன்றியிருந்தது. 2004 இல் உலாவி நிறுவனங்களைச் சார்ந்தோர் கூடி அமைத்த வட்வீஜி என்னுங் குழுவில், இயன் ஹிக்சன் எழுதிவந்த புதிய எச்.ரி.எம்.எல். வரைவிலே 'டீற்றெயில்ஸ்' என்னும் விவர உறுப்பு இடம்பெற்றது. அதன் தலைப்புக்கு எவ்வுறுப்பைப் பயன்படுத்துவது என்பதே முதலில் இடர்ப்பாடாயிற்று. படிவங்களில் வழங்கிய 'லெஜன்ட்' என்பதை முதலிலும், சொற்பொருட் பட்டியல்களில் வழங்கியதைப் பின்னரும் எடுத்தாண்டு பார்த்தனர். அன்றைய உலாவிகள் அவற்றைப் பழகாத இடத்திற் கண்டபோது பிழையாகக் கொண்டமையின் இரண்டும் கைவிடப்பட்டன. ஈற்றில் 'சமறி' எனப் புதிய உறுப்பு ஒன்றே ஆக்கப்பட்டது. உள்ள சொல்லால் ஒப்பேற்ற முயன்று, இயலாதபோது புதுச்சொல் ஆக்கிய கதை மொழியறிஞர்க்குப் புதிதன்று.

வரைவில் எழுதுதல் எளிது. உலாவிகளில் ஏறுதல் அரிது. கூகிளின் குறோம் உலாவி 2011 ஜூனில் இதனை ஏற்றது. அப்பிளின் சபாரி 2012 இல் ஏற்றது. டபிள்யூ3சி 2014 இல் எச்.ரி.எம்.எல். ஐந்தை நிறைவுசெய்தபோது, போதிய உலாவிகள் ஏற்காமையால் இவ்வுறுப்பு விலக்கப்பட்டு, 2016 நவெம்பரில் வந்த அடுத்த பதிப்பிலேதான் இடம்பெற்றது. பயர்பொக்ஸ் 2016 செப்டெம்பரில் ஏற்றது. மைக்றோசொவ்ற்றின் சொந்தப் பொறியால் இயங்கிய எட்ஜ் இதனை ஏற்கவேயில்லை. அந்நிறுவனம் தன் பொறியைக் கைவிட்டு, குறோமின் அடிப்படையிலே புதிய எட்ஜை 2020 ஜனவரியில் வெளியிட்டபோதே இவ்வுறுப்பு அங்கும் வந்தது. முதல் உலாவிக்கும் கடைசி உலாவிக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன.

இவ்வுறுப்பு நிரல் ஒன்றுமின்றியே விரியும், விசைப்பலகைக்கு இசையும், தன் நிலையைத் தானே திரைவாசிப்பானுக்கு அறிவிக்கும். நிலையை இது ஒளித்து வைப்பதில்லை; 'ஓப்பன்' என்னும் பண்பு இருந்தால் விரிந்தது, இல்லாவிடின் மடிந்தது. இவற்றினும் சிறந்தது, நிலை மாறியபின்னர் இது எழுப்பும் 'ரொகிள்' நிகழ்வு. ஜேகுவரி கொண்டிருந்த வசதியின் பெயரே இதற்கும் அமைந்ததாயினும் பொருள் முற்றிலும் வேறு. இது கையை எண்ணுவதில்லை. எவ்வழியால் நிலை மாறினும், மாறியபின்னரே இது எழும்.

இவ்வேறுபாட்டை உணராது பழைய வழக்கப்படி தலைப்பின்மேல் சொடுக்கு நிகழ்வைக் கேட்போர் ஒரு சிக்கலில் அகப்படுவர். சொடுக்கு நிகழ்வு எழும் வேளையில் உறுப்பு இன்னும் விரியவில்லை. நிகழ்வு முடிந்தபின்னரே உலாவி அதனை விரிக்கும். ஆதலின் அக்கணத்தில் 'ஓப்பன்' பண்பைப் பார்ப்பவர் பழைய நிலையையே காண்பர். திறக்கப்போவதை மூடியதாகவும் மூடப்போவதைத் திறந்ததாகவுங் கருதி எழுதப்பட்ட நிரல்கள் பல. அவற்றைத் தலைகீழாகத் திருப்பி எழுதிச் சரிசெய்தோர், வாசகர் சொடுக்கும் வரையிலேதான் அது சரியாக இருக்கும் என்பதை எண்ணியிலர்.

ரொகிள் நிகழ்வுக்கும் தனக்கேயுரிய இயல்புகள் உண்டு. அது நிலைமாற்றத்தோடு உடன் எழாது, வரிசையில் நின்று சிறிது பிந்தியே எழும். அவ்விடைவேளையில் உறுப்பு மீண்டும் மாறிவிட்டால், இரு அறிவிப்புக்கள் ஒன்றாகச் சேர்க்கப்படும். முந்திய நிலை, பிந்திய நிலை என்னும் இரண்டையும் நிகழ்வு தன்னுடன் கொண்டுவரும் முறை அண்மைக் காலத்திற் சேர்க்கப்பட்டது. ஆகையால், மடிந்திருந்தது விரிந்து உடனே மடிந்தவிடத்து, மடிந்த நிலையிலிருந்து மடிந்த நிலைக்கு மாறியதாக ஒரு விசித்திரமான செய்தி வருதலும் உண்டு. பக்கம் வரும்போதே விரிந்த நிலையில் வரும் உறுப்புக்கும், வாசகர் எதனையுந் தொடாதிருக்க, ஒரு நிகழ்வு எழும். வாசகர் எத்தனை பகுதிகளை விரித்தார் எனக் கணக்கிடுவோர் இதனை அறியாவிடின் கணக்குப் பெருகிவிடும்.

இந்நிகழ்வு குமிழ்ப்பதுமில்லை. நூறு மடிப்புக்கள் கொண்ட பக்கத்தில் ஒவ்வொன்றின் வாயிலிலும் காவலனை வைக்காது, மேலுள்ள பொதுவுறுப்பில் ஒரே காவலனை வைத்து யாவற்றையும் அறிதல் நிரலாளர் வழக்கம். கீழிருந்து மேலேறாத நிகழ்வை அக்காவலன் எங்ஙனம் அறிவான்? இங்கேதான் 1997 இல் நெற்ஸ்கேப் கொண்டிருந்த கொள்கை கைகொடுக்கின்றது. மேலேறாத நிகழ்வும் கீழிறங்கத் தவறுவதில்லை. கைப்பற்றல் வேளையிற் கேட்குமாறு காவலனை நிறுத்தினால், ரொகிள் நிகழ்வு இறங்கிச் செல்லும் வழியிலேயே அவன் அதனை அறிந்துகொள்வான். உலாவிப் போட்டியில் நெற்ஸ்கேப் தோற்றது. அதன் பெயரையே இன்றைய மாணவர் பலர் அறியார். அதன் கொள்கையோ தரத்தினுள் ஒதுங்கிக் கிடந்து, இவ்வுறுப்பின்பொருட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

நிலையைக் கேட்பதே தக்கது என்பதைக் கடந்த சில ஆண்டுகளின் மாற்றங்கள் மேலும் உறுதிப்படுத்தின. முன்னர் வாசகர் உலாவியின் தேடற் பெட்டியில் ஒரு சொல்லை இட்டால், மடிந்த பகுதியினுள் இருக்கும் சொல் அகப்படாது. 2022 ஜனவரியில் வெளிவந்த குறோமின் 97 ஆம் பதிப்பு, மடிந்த விவர உறுப்பினுள்ளும் தேடி, சொல் கிடைத்தவிடத்து உறுப்பைத் தானே விரித்தது. மடிப்பினுள் இருக்கும் இடமொன்றைக் குறிக்கும் இணைப்பைத் தொடர்ந்து வருபவருக்கும் அவ்வாறே விரிந்து கொடுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வந்த 102 ஆம் பதிப்பு, விவர உறுப்பு அல்லாத ஏனைய பகுதிகளையும் 'தேடிக் காணும் வரை மறைந்திருப்பவை' எனக் குறிக்க இடங்கொடுத்தது. அப்பகுதி வெளிப்படுதற்குச் சற்று முன்னர் எழும் நிகழ்வொன்றும் அதனோடு வந்தது. இவ்வழிகளில் விரியுங்கால் எக்கையும் தலைப்பைச் சொடுக்குவதில்லை. சொடுக்கை மட்டும் கேட்டிருக்கும் நிரல், விரிந்த பகுதிக்குரிய படத்தை வருவியாது வாளாவிருக்கும். வாசகர் தாம் தேடிய சொல்லைக் கண்டும் அருகிருக்க வேண்டிய அட்டவணையைக் காணார்.

2023 டிசெம்பரில் குறோமும் சபாரியும், 2024 செப்டெம்பரிற் பயர்பொக்ஸும் மற்றொரு வசதியை ஏற்றன. ஒரே பெயர் இடப்பட்ட விவர உறுப்புக்கள் பலவற்றுள் ஒன்றை விரித்தால், விரிந்திருந்த மற்றையது தானே மடியும். முன்னர் இதற்கென நிரலாளர் எழுதிய வரிகள் எண்ணில. இங்கே சொடுக்கு ஒன்று; நிலைமாற்றமோ இரண்டு. விரிந்ததற்கு ஒரு ரொகிள் நிகழ்வும் மடிந்ததற்கு ஒரு ரொகிள் நிகழ்வும் தனித்தனியே எழும். ஆயினும் ஒன்றை விரித்தால் மற்றொன்று தானே மூடிக்கொள்ளுதல் வாசகருக்கு எப்போதும் நன்மையா என்பது ஐயத்துக்குரியது. இரு பகுதிகளை ஒப்பிட்டுப் படிக்க விரும்புபவர்க்கு அது இடையூறே. நெல்சன் கண்ட எழுத்தில் எதனை எவ்வளவு விரிப்பது என்பது வாசகர் கையிலேயே இருந்தது. இவ்வசதியில் அவ்வுரிமையின் ஒரு கூறு பக்கத்தை எழுதியவரிடம் மீண்டுஞ் செல்கின்றது.

ரொகிள் நிகழ்வாற் செய்ய இயலாதது ஒன்றும் உண்டு. மாறியபின்னர் அறிவிப்பதாகலின் மாற்றத்தைத் தடுக்க அதனால் ஆகாது. தடுக்க விரும்புவோர் தலைப்பின் சொடுக்கு நிகழ்வையே மறிக்க வேண்டும். விசைப்பலகையில் உள்ளிடும் விசையை அழுத்தினும் தலைப்பிற் சொடுக்கு நிகழ்வே எழுவதாகலின், அம்மறிப்பு இரு வகை வாசகரையும் ஒருங்கே தடுக்கும். தேடலால் வரும் விரிவைத் தடாது.

எஞ்சியிருப்பது அச்சு. மடிந்த பகுதி அச்சிட்ட தாளிலும் மடிந்தே வரும். அனுமதி விதிகளை அச்சிட்டு எடுத்துச் செல்லும் மாணவர், தலைப்புக்கள் மட்டும் நிறைந்த தாளோடு வீடு சேர்தல் கூடும். இதற்குப் பரிகாரமாக, அச்சிடுதற்கு முன்னர் எழும் நிகழ்வொன்று பயன்படுகின்றது. இன்ரர்நெற் எக்ஸ்புளோரரில் முதலில் தோன்றிய அந்நிகழ்வு இன்று பெரும்பாலான உலாவிகளில் உண்டு. அதனைக் கேட்டு, மடிப்புக்கள் யாவற்றையும் விரித்து, எவை முன்னர் மடிந்திருந்தன என்பதைக் குறித்து வைத்து, அச்சு முடிந்தபின் எழும் நிகழ்வில் அவற்றை மீண்டும் மடிக்கும் நிரலைப் பக்கத்தை ஆக்குவோர் எழுதிக்கொள்கின்றனர். ஆயினும் ரொகிள் நிகழ்வு வரிசையில் நின்று பிந்தி எழுவதாகலின், அதனைக் கேட்டுப் படங்களை வருவிக்கும் பக்கங்களில் அச்சு முந்திக்கொள்ளக் கூடும். அத்தகைய பக்கங்களுக்கு, அச்சின் முன்னெழும் நிகழ்வுக்கும் முற்படவே படங்களை வருவித்து வைத்தல் வேண்டும்.